பல நாள் ராஃப்டிங்: முதலில் ஆறு, பிறகு நிறுவனம்

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நால்வர். எனக்கு 46, மனைவிக்கு 41, மகனுக்கு 17, மகளுக்கு 14 வயது. சென்ற ஆண்டு கர்நாடகத்தின் தாண்டேலியில் காற்றடைத்த படகில் அரை நாள் ராஃப்டிங் போய்வந்ததிலிருந்து, ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்கிப் பல நாள் செல்லும் பயணம் ஒன்றுக்குப் போக வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லடாக்கின் சன்ஸ்கார், நேபாளத்தின் சுன்கோசி, ரிஷிகேஷுக்கு மேலே கங்கை என மூன்று ஆறுகளுக்கு மூன்று நிறுவனங்கள் விலை சொல்லியிருக்கின்றன. மூவருமே ‘கிரேடு 3 முதல் 4 வரை, நீச்சல் தெரிய வேண்டியதில்லை’ என்கிறார்கள். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எனக்கும் மகனுக்கும் நீந்தத் தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது. எதை வைத்து முடிவு செய்வது? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கு இப்போது ஏற்றது கங்கைதான். அது நன்றாக அமைந்தால் அடுத்தது சுன்கோசி. சன்ஸ்காரை உங்கள் மகள் இன்னும் இரண்டு மூன்று வயது வளர்ந்து, நீந்தவும் பழகிய பிறகு யோசிக்கலாம். இத்தகைய பயணங்களில் குழுவில் மிகத் துணிந்தவரைப் பார்த்து ஆற்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தண்ணீரில் விழுந்தால் யார் முதலில் பதறுவாரோ அவரைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உலகெங்கும் ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள்; அதுவே ‘கிரேடு’. 3 என்றால் அலைகள் ஒழுங்கற்றவை, ஆனாலும் தேர்ந்த கைடு ஒருவரின் சொற்படி துடுப்புப் போட்டால் கடந்துவிடலாம் என்று பொருள். 4 என்றால் ஓட்டம் வலியது, பிழைக்கு இடம் குறைவு, விழுந்தவரை மீட்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் தேவை. இந்த எண் ரேபிட்டின், அதாவது நீர் நுரைத்து விரைந்து பாயும் இடத்தின், கடினத்தைச் சொல்கிறதே தவிர, தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தது, சாலை எவ்வளவு தொலைவு, அருகில் மருத்துவமனை உண்டா என்பவற்றைச் சொல்வதில்லை. நீங்கள் பார்த்த தாண்டேலியின் காளி ஆற்றில் விழுந்து எழுவது ஒரு வேடிக்கை. அதே கிரேடு 3 பனியாறு உருகிவரும் நீரில் அமைந்திருந்தால், விழுந்த சில நிமிடங்களிலேயே விரல்கள் கயிற்றைப் பிடிக்கும் வலுவை இழக்கத் தொடங்கிவிடும். எனவே ‘கிரேடு என்ன’ என்று கேட்பதோடு, ‘நாங்கள் வரும் வாரத்தில் வழக்கமாக நீர்மட்டம் எப்படி இருக்கும், அந்த மட்டத்தில் கிரேடு என்ன’ என்றும் கேளுங்கள்.

சன்ஸ்கார் அழகில் ஈடற்றது; செங்குத்தான பாறைப் பள்ளத்தாக்கு வழியே வடக்கு நோக்கிப் பாய்ந்து நிம்மு அருகே சிந்துவில் கலக்கும் அந்த ஆறு, குளிர்காலத்தில் உறைந்து மக்கள் நடந்துபோகும் பாதையாகவே மாறிவிடுகிறது. ராஃப்டிங் பருவம் ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான். லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், விமானத்தில் இறங்கிய உடனே எதையும் செய்யக் கூடாது. உடல் பழகக் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு வேண்டும். அந்த இரண்டு நாளைப் பயணத்திட்டத்தில் சேர்க்காத நிறுவனத்தை அப்போதே நீக்கிவிடலாம். இன்னொன்று: அரசின் முன் அனுமதியின்றித் தனியார் சேட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம், வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை நீங்களாக வாங்கிக்கொண்டு போக வேண்டாம். அதனால், யாருக்காவது கால் முறிந்தால் செய்தி எந்த வழியாக, எங்கே போகும் என்ற கேள்விக்கு நிறுவனம் தெளிவான பதில் வைத்திருக்க வேண்டும்.

சுன்கோசியை நான் மிகவும் மதிக்கிறேன். தோலால்காட்டில் தொடங்கிச் சமவெளியின் விளிம்பில் உள்ள சத்தராவில் முடியும் அந்த மரபான பாதை ஏறத்தாழ 270 கிலோமீட்டர்; எட்டு ஒன்பது நாள் பிடிக்கும். முதல் நாள்களில் எளிய ரேபிட்கள் வந்து பயணிகளைப் பழக்கிவிட்டு, வழியில் துணையாறுகள் சேரச் சேர நீர் பெருகி அலைகளும் பெரிதாகின்றன. கற்றுக்கொண்டே போவதற்கு இதைவிட ஒழுங்காக அமைந்த ஆறு அபூர்வம். ஆனால் நடுப்பகுதியில் நாள்கணக்கில் ஊர் வசதி குறைவு. மனம் மாறினால் பாதியில் இறங்கி வீடு திரும்புவது எளிதன்று. நீந்தத் தெரியாத இருவருக்கு இது முதல் பல நாள் பயணமாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கங்கையில் பயணம் அலக்நந்தாவும் மந்தாகினியும் கூடும் ருத்ரபிரயாகையிலிருந்தோ, அலக்நந்தாவும் பாகீரதியும் கூடும் தேவபிரயாகையிலிருந்தோ தொடங்கும். தேவபிரயாகையிலிருந்து ரிஷிகேஷ் வரை ஆற்றுவழியே சுமார் 70 கிலோமீட்டர். பெரும்பகுதியும் பத்ரிநாத் சாலை மேலே கூடவே வருகிறது. சாகசப் பிரியர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. ரேபிட்களில் பெரும்பாலானவை 2, 3 தரத்தில் இருக்கும். வழியில் உள்ள கௌடியாலாவுக்குக் கீழே ‘தி வால்’ எனப்படும் ஒன்று 4 தரம், ராஃப்ட்டைக் கவிழ்ப்பதில் பேர்போனது. அந்த இடத்தில் விரும்பியவர்கள் இறங்கிக் கரைவழியே நடந்து கடக்கலாமா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது, எல்லோரும் போகிறார்கள்’ என்று பதில் வந்தால் அந்த நிறுவனம் வேண்டாம்.

ஒரு நிறுவனத்துக்கு ஆற்றை உண்மையில் தெரியுமா என்று சோதிக்க அணைகளைப் பற்றிக் கேட்பது நல்ல வழி. ருத்ரபிரயாகைக்கும் தேவபிரயாகைக்கும் இடையே உத்தராகண்டின் ஸ்ரீநகரில் உள்ள நீர்மின் திட்டத்தின் அணை குறுக்கே நிற்கிறது. அந்த இடத்தைத் தரைவழியே சுற்றித்தான் கடக்க முடியும். ‘ருத்ரபிரயாகை முதல் ரிஷிகேஷ் வரை முழுவதும் ஆற்றிலேயே’ என்று ஒருவர் விளம்பரப்படுத்தினால், பழைய துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம். பாகீரதியில் தெஹ்ரி அணையும் அதற்குக் கீழே கோட்டேஸ்வர் அணையும் இருப்பதால், மின்தேவையைப் பொறுத்து நீர் திறக்கும்போது தேவபிரயாகைக்குக் கீழே மட்டம் ஏறி இறங்கும். கூடாரத்தை மணல் திட்டின் விளிம்பில் அல்லாமல், ஈரத்தடம் தெரியும் கோட்டுக்கு மிக மேலே அடிக்கிறார்களா என்பதை நீங்களே பார்க்கலாம். கௌடியாலாவுக்கும் ரிஷிகேஷுக்கும் இடையிலான கடற்கரை போன்ற மணல்திட்டுகளில் கூடாரமடிக்க 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்து, பின்னர் நிபந்தனைகளோடு சில இடங்களை மட்டும் அனுமதித்தது. ஆகையால் தங்குமிடத்துக்கான அனுமதியைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ‘மூன்று நாள் ராஃப்டிங்’ என்று ரிஷிகேஷில் விற்கப்படுபவற்றில் பல, ஒரே முகாமில் மூன்று நாள் தங்கி ஒரு நாளோ இரு நாளோ சில மணி நேரம் படகில் போய்வருவதுதான். உணவு, கூடாரம், துணிமணி எல்லாம் ராஃப்ட்டிலேயே ஏறி உங்களோடு வர, ஒவ்வோர் இரவும் புதிய கரையில் தங்குவதுதான் பிள்ளைகள் கேட்கும் பயணம். ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்குகிறோம், தண்ணீரில் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் விலைகளை ஒப்பிட முடியும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது மீட்பு பற்றியது. ஒற்றை ராஃப்ட் மட்டும் போகும் பயணத்தில் சேராதீர்கள். இரண்டு ராஃப்ட்களாவது, அல்லது ஒரு ராஃப்ட்டோடு பாதுகாப்புக் கயாக் (ஒருவர் செலுத்தும் சிறு படகு) ஒன்றாவது இருக்க வேண்டும். விழுந்தவரை முதலில் சென்றடைவது பெரும்பாலும் அந்தக் கயாக்காரர்தான். உங்களை அழைத்துச் செல்லும் தலைமைக் கைடின் பெயரைக் கேளுங்கள். சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பின் சான்றிதழும், ஓடும் நீரில் மீட்புப் பயிற்சியும், முதலுதவிப் பயிற்சியும் நிறுவனத்துக்கு அல்லாமல் அந்த ஆளுக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள். மனைவிக்கும் மகளுக்கும், எல்லோரும் துடுப்புப் போடும் ராஃப்ட்டைவிட, கைடு நடுவில் அமர்ந்து இரு நீண்ட துடுப்புகளால் தாமே செலுத்தும் ராஃப்ட் பொருத்தமாக இருக்கலாம். அதில் பயணிகள் இரு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். அந்த வகை இருக்கிறதா என்று கேட்டால் அவர்களுக்கே உங்கள் மீது மரியாதை வரும்.

லைஃப் ஜாக்கெட்டை நீங்களே சோதிக்கலாம். எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பின், இன்னொருவர் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே இழுக்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அளவில் பெரியது, தண்ணீரில் முகத்தை மறைக்கும். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அந்த ஜாக்கெட் பழையது, வேறு கேளுங்கள். உங்கள் மகளின் அளவுக்கு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இருக்கின்றனவா என்பதைப் பணம் கட்டும் முன்பே உறுதிசெய்யுங்கள். ரிஷிகேஷில் 14 வயதுக்குக் குறைந்தவர்களைப் பொதுவாக ஏற்றுவதில்லை என்பதால் சிறிய அளவுகள் குறைவாகவே இருக்கும். முதல் நாள் காலையில், மல்லாந்து மிதந்து கால்களை முன்னே நீட்டுவது, எறியும் கயிற்றைத் தோளில் வைத்துப் பிடிப்பது, ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாமலிருப்பது ஆகியவற்றை அமைதியான நீரில் இறக்கிப் பழக்குகிறார்களா என்று கவனியுங்கள். நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் நீர் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். துடுப்பின் மேல்முனையில் உள்ள குறுக்குப்பிடியை எப்போதும் உள்ளங்கையால் மூடிப் பிடிக்கச் சொல்வதும் இதே வகுப்பில்தான். கைவிட்ட பிடி பக்கத்தில் இருப்பவரின் பல்லைப் பதம் பார்த்துவிடும்.

கங்கைப் பயணத்துக்கு நீச்சல் தெரியாதது தடையன்று. முகத்தில் தண்ணீர் அடித்தால் மூச்சடக்கிக் காத்திருக்க முடியாததுதான் தடை. புறப்படும் முன் சில வாரம் ஊர் நீச்சல் குளத்தில் இருவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து மல்லாந்து மிதக்கவும், தலை மூழ்கி எழவும் பழகிக்கொள்ளட்டும்.

கழிவறைக் கூடாரம் தினமும் எங்கே அமையும், கழிவை எடுத்துச் செல்கிறார்களா, மாதவிலக்கு நாள்களில் மாற்று ஏற்பாடு என்ன என்பவற்றைப் பெண்கள் கேட்கத் தயங்குவார்கள், நீங்கள் கேட்டுவிடுங்கள். முகாமில் சாப்பிடும் முன் கை கழுவச் சோப்பும் சுத்தமான நீரும் வைக்கிறார்களா என்பதும் முக்கியம், ஏனெனில் பல நாள் பயணங்களைக் கெடுப்பது பெரும்பாலும் வயிற்றுக்கோளாறே.

பருவம் என்று வந்தால் தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை உங்கள் கையைக் கட்டிவிடும். ஜூலை, ஆகஸ்டில் கங்கையில் மழைக்காலம், ராஃப்டிங் நிறுத்தப்படும். காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் இறுதியில் நீர் இன்னும் கூடுதலாக இருக்கும். அரையாண்டு விடுமுறையில் நீர் குறைந்து தெளிந்திருந்தாலும் ஈரத்தோடு உட்காரும் குளிர் சிறியவர்களை வாட்டும். ஏப்ரல் கடைசி வாரம் உங்களுக்கு ஏற்றது. அதற்கு மேல் போனால் பத்ரிநாத், கேதார்நாத் உள்ளிட்ட நான்கு தலங்களுக்கான சார்தாம் யாத்திரைக் கூட்டத்தால் அதே பத்ரிநாத் சாலையில் மணிக்கணக்கில் நிற்க நேரும். ஏப்ரலிலும் ஆறு குளிர்ந்துதான் ஓடும் என்பதால் பருத்தித் துணியும் ஜீன்சும் தவிர்த்து, விரைவில் உலரும் செயற்கையிழை ஆடைகளும், காலை விட்டு நழுவாத காலணிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். துப்பட்டா, மோதிரம், கழுத்துச் சங்கிலி ஆகியவை ராஃப்ட்டில் ஏறவே கூடாது.

காப்பீட்டையும் பணம் கட்டும் முன் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். ராஃப்டிங்கைப் பெயர் சொல்லிச் சேர்க்கும் கூடுதல் பிரிவு வேண்டும். நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் ஒரு வரியைத் தேடுங்கள்: நீர்மட்டம் உயர்ந்ததால் அவர்களே பயணத்தை நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதி தருவார்களா? அந்த வரி இல்லாவிட்டால், நீர் உயர்ந்த காலையில் கைடு ‘வேண்டாம்’ என்று நினைத்தாலும் அலுவலகம் ‘போ’ என்று சொல்ல வாய்ப்பு உண்டு. எனவே அதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.