கிழமை சரி, தேதி தப்பு

கேள்வி: எங்கள் நூற்பாலையில் 48 கேமராக்கள், இன்டர்நெட் இணைப்பு கிடையாது. மொட்டை மாடியில் மாட்டியிருக்கும் ஜி.பி.எஸ். டைம் சர்வர்தான் எல்லாவற்றுக்கும் நேரம் கொடுக்கிறது. 2025 ஜூன் 10 காலையில் பார்த்தால் எல்லா கேமராவிலும் 25-10-2005 என்று ஓடுகிறது. இடி விழுந்து போயிருக்கும் என்கிறார்கள். புதிதாக எதைப் பார்த்து வாங்குவது?
- ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: இடி மேல் பழி போடாதீர்கள். இடி தாக்கியிருந்தால் பெட்டி பேச்சுமூச்சில்லாமல் கிடந்திருக்கும். காலண்டரை எடுத்துப் பாருங்கள், அந்த இரண்டு தேதியுமே செவ்வாய்க்கிழமை, நடுவில் சரியாக 1024 வாரம். ஜி.பி.எஸ். சிக்னலில் வார எண்ணுக்கு 10 பிட்தான் இடம் என்பதால் 1024 வாரத்துக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் எந்த வாரத்தில் இருந்து எண்ணத் தொடங்குகிறதோ அதைப் பொறுத்து, ஒவ்வொரு மாடலும் வேறு வேறு நாளில் கவிழும். உங்களுடையது இப்போது கவிழ்ந்திருக்கிறது. கம்பெனி புது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் அந்த மென்பொருள்) தருமா என்று முதலில் கேளுங்கள், தந்தால் செலவே இல்லை.

இல்லையென்றால், கொட்டேஷன் கேட்கும்போதே இந்த மாடலின் ஜி.பி.எஸ். வாரக் கணக்கு எந்த வருடம் வரை தாங்கும், 2036 பிப்ரவரி 7-இல் என்.டி.பி. (நெட்வொர்க் வழியாகக் கேமராக்களுக்கு நேரம் அனுப்பும் முறை) எண்ணிக்கை பூஜ்யமாகும்போது என்ன ஆகும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பவர் முழித்தால் அடுத்த கடை. நானோசெகண்ட் துல்லியம், உள்ளே கடிகாரத்துக்கு விலை கூடிய கிரிஸ்டல் என்றெல்லாம் ஆசை காட்டுவார்கள். கேமராவுக்கு அதெல்லாம் எதற்கு, சில மில்லிசெகண்டுக்குள் வந்தாலே தாராளம்.

ஆன்டெனாவும் சர்வரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், ஒற்றை நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போகும் மாடலாகப் பாருங்கள். ஆனால் பழைய பெட்டிக்கு 24 வோல்ட் அடாப்டர் கொடுத்திருந்தால் அதையே புதிதில் செருகிவிடாதீர்கள். நெட்வொர்க் கேபிளில் கரண்ட் வாங்கும் 802.3ஏஎஃப் தரத்துப் பெட்டிக்கு சுமார் 48 வோல்ட் தரும் சுவிட்ச் வேண்டும். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, வெயில் தாங்கும் கறுப்பு உறை உள்ளதாக இருக்கட்டும், கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின் எழுச்சியைத் தடுக்கும் கருவி) போட்டு எர்த் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் மறைவில் மாட்டினால் வானத்தில் பாதி போச்சு.

அப்புறம், பழைய ஐ.பி. முகவரியையே புதியதற்கும் கொடுங்கள், இல்லையென்றால் 48 கேமராவிலும் தனித்தனியாக உட்கார வேண்டும். என்.டி.பி. கொடுப்பது யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தைத்தான். நம் நேரத்துக்கான ஐந்தரை மணி நேரத்தைக் கேமராவில்தான் கூட்ட வேண்டும், சர்வரில் கை வைக்காதீர்கள்.