‘ஸோன் எக்ஸ்’ வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு எதற்கு?

கேள்வி: டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊரில் 2 ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். தாளில் ‘ஸோன் எக்ஸ்’ என்று இருந்ததால் வெள்ளக் காப்பீடு வேண்டியதில்லை என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். பெரிய மழை வந்தால் கவுண்டியிலிருந்து எச்சரிக்கை வருகிறது. ஆனால் பக்கத்துத் தெரு நண்பருக்கு ஒன்று வருகிறது, எங்களுக்கு வேறொன்று வருகிறது. போன வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து, கவுண்டி வெள்ள வரைபடம் மாறுகிறது, வீட்டின் தரைமட்டத்தை அளந்து தரும் உயரச் சான்றிதழை உடனே எடுக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார். அடுத்த மாதம் வீட்டுக் கடனை மாற்றி ரீஃபைனான்ஸ் செய்யப்போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் பகலில் வீட்டில் தனியாக இருப்பார்கள். காப்பீடு எடுப்பதா, வேண்டாமா? யார் பேச்சைக் கேட்பது?

பதில்: எடுங்கள். வந்தவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில், ஆனால் காரணம் தெரியாவிட்டால் அடுத்து வருகிறவர் உங்கள் மனதை மாற்றிவிடுவார்.

முதலில் அந்த ஏஜென்ட் சொன்னது. ‘ஸோன் எக்ஸ்’ என்பது வெள்ள வரைபடத்தில் அபாயம் குறைவு என்று குறித்த பகுதி. வெள்ளம் வராது என்று அர்த்தம் இல்லை. உங்களைக் காப்பீடு எடுக்க வைத்தே ஆகவேண்டும் என்று கடன் கொடுத்த வங்கியை மத்திய அரசு கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் சுமார் 1,54,000 வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கவுண்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை பிறகு கணக்கெடுத்தபோது, அவற்றில் 68 சதவீத வீடுகள் ‘100 ஆண்டு வெள்ளப் பரப்பு’ என்று வரைபடம் காட்டிய இடத்துக்கு வெளியே இருந்தன. காப்பீடு இல்லாதவை 64 சதவீதம். ‘வரைபடத்துல இல்லையே, அப்புறம் எப்படி?’ என்று அன்று கேட்ட குடும்பங்களில் நம்மவர்களும் நிறையப் பேர்.

‘100 ஆண்டு வெள்ளம்’ என்ற பெயரை வைத்தவரை நான் மன்னிப்பதாக இல்லை. நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று படித்தவர்கள்கூட நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ நாலில் ஒன்று. ஹூஸ்டன் வட்டாரம் 2015 மே, 2016 ஏப்ரல், 2017 ஆகஸ்ட் என்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துப் பெருவெள்ளம் பார்த்தது. வெள்ளம் நாள்காட்டி பார்த்து வருவதில்லை.

கேட்டிக்கு இன்னொரு விஷயம் உண்டு. அது எந்த ஸோனிலும் தெரியாது. உங்கள் ஊருக்குக் கிழக்கே பார்க்கர், ஆடிக்ஸ் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள். 1940களில் ராணுவப் பொறியாளர் படை ஹூஸ்டன் நகரைக் காப்பாற்றக் கட்டியவை. வருஷத்தில் பெரும்பாலான நாள் உள்ளே புல்லும் மரமும் சைக்கிள் பாதையும்தான், அதனால் ஏரி என்றே யாருக்கும் தோன்றாது. பார்க்கரில் அரசு வாங்கி வைத்திருக்கும் நிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 95 அடி உயரக்கோட்டோடு முடிந்துவிடுகிறது. ஹார்வியில் தண்ணீர் நின்றது 101.6 அடி. நடுவில் இருந்த அந்த ஆறரை அடியில் என்ன இருந்தது? வீடுகள்! நம்மூரில் ஏரியின் முழுக் கொள்ளளவுப் பரப்புக்குள் மனை போட்டு விற்பார்களே, அதேதான். இங்கே புல்தரையும் நீரூற்றும் வைத்து அழகாக விற்றார்கள்.

ஃபோர்ட் பெண்ட் கவுண்டிப் பக்கம் சில மனைப்பிரிவுகளின் வரைபடத்தில், இந்த இடம் பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டியது, ராணுவப் பொறியாளர் படையின் கட்டுப்பாட்டில் நீண்ட நாள் நீரில் மூழ்கக்கூடும் என்று ஒரு குறிப்பு பொடி எழுத்தில் பதிவாகியிருந்தது. வீடு வாங்கும்போது அந்த வரைபடத்தை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? வெள்ளத்துக்கு அரசே பொறுப்பு என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வருவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. நனைந்த ஷீட்ராக் சுவரைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வக்கீலுக்காகக் காத்திருக்க முடியாது.

நீங்கள் வாங்கியது பழைய வீடு என்கிறீர்கள். அப்படியானால் விற்றவர் கொடுத்த வெளிப்படுத்தல் படிவத்தை எடுங்கள். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸ் சட்டப்படி, வீடு முன்பு வெள்ளத்தில் மூழ்கியதா, நீர்த்தேக்கத்தின் வெள்ளப் பரப்புக்குள் இருக்கிறதா என்று அதில் தனித்தனியாகக் கேட்டிருக்கும். அந்தக் கட்டங்களில் என்ன டிக் அடித்திருக்கிறார்கள் என்று இன்று இரவே பாருங்கள்.

இப்போது கதவைத் தட்டியவர். கவுண்டி ஆள் வீடு வீடாக வந்து உயரச் சான்றிதழ் விற்பதில்லை. மத்திய அரசு நடத்தும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் 2021 அக்டோபரில் கட்டண முறையையே மாற்றிவிட்டது. அதற்குப் பிறகு பாலிசி எடுக்க அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. தேவைப்படும் ஒருசில இடங்கள் உண்டு, உங்களுடையது அது அல்ல. ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் மறைக்கிறீர்கள் என்றால், வீட்டு வாசலில் நடந்த விற்பனையை 3 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். எழுத்தில் செய்யுங்கள், போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள்.

இந்த வகை ஆட்கள் மழைக்கு முன் ஒரு வேஷத்திலும் மழைக்குப் பின் இன்னொரு வேஷத்திலும் வருவார்கள். புயல் அடித்து ஓய்ந்த இரண்டாம் நாள் பிக்கப் வண்டியில் வந்து, ‘கூரையை இலவசமாகப் பார்த்துத் தருகிறேன், டிடக்டிபிள் நீங்கள் கட்டவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார்கள். டெக்சாஸில் 2019 முதல் அப்படிச் சொல்வதே சட்டவிரோதம். டிடக்டிபிள், அதாவது சேதச் செலவில் உங்கள் பங்கு, நீங்கள்தான் கட்டவேண்டும், கட்டியதற்கு அத்தாட்சியைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம். அடுத்து ஒருவர் ‘உங்கள் சார்பில் நிறுவனத்திடம் பேசித் தருகிறேன்’ என்று வருவார். இவர்களில் உரிமம் பெற்ற நல்லவர்களும் உண்டு, ஆனால் உரிமத்தை மாநிலக் காப்பீட்டுத் துறையின் தளத்தில் சரிபார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். இழப்பீட்டில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது. கூரை போடுகிறவரே உங்களுக்காகக் காப்பீட்டுப் பேரமும் பேசுகிறேன் என்றால் கதவைச் சாத்துங்கள். ‘ஃபீமா’ (மத்திய அரசின் பேரிடர் நிறுவனம்) ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு யாராவது பணம் கேட்டால் அவர் ஃபீமா ஆள் இல்லை. இதில் விதிவிலக்கு கிடையாது.

நம்மவர்களிடையே இன்னொரு ரகம், தமிழ் பேசும் ‘தெரிந்த ஏஜென்ட்’. கோயிலில் பார்ப்பீர்கள், வாட்ஸ்ஆப் குழுவில் பார்ப்பீர்கள். ‘என்கிட்ட எடுத்தா வெள்ளக் காப்பீட்டுக்கு ஸ்பெஷல் ரேட்’ என்பார். தேசியத் திட்டத்தின் கட்டணத்தை நிர்ணயிப்பது ஃபீமா. ஒரே வீட்டுக்கு, ஒரே தொகைக்கு எந்த நிறுவனம் வழியாகப் போனாலும் விலை ஒன்றுதான். ஸ்பெஷல் ரேட் என்று ஒன்று இருக்கிறது என்றால், பாதுகாப்பில் எதையோ குறைத்திருக்கிறார், அல்லது வேறு ஏதோ தனியார் பாலிசியை விற்கிறார். தனியார் பாலிசி மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் எது எது என்று தெரிந்து வாங்குங்கள்.

தேசியத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். பொருட்களுக்கான பாலிசியைத் தனியாகச் சொல்லிச் சேர்க்கவேண்டும், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். நகை, ஓவியம் எல்லாம் சேர்ந்து 2,500 டாலர்தான் தருவார்கள். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல ஆரம்கூட வராது. கல்யாண நகையைக் கீழ்த்தள அலமாரியில் வைத்துவிட்டுக் காப்பீட்டை நம்பாதீர்கள். வெள்ளம் வடியும்வரை ஹோட்டலில் தங்கும் செலவு இதில் வராது. காருக்கு இது பொருந்தாது, கார் பாலிசியில் ‘காம்ப்ரிஹென்சிவ்’ இருக்கிறதா பாருங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு? தரையிலிருந்து ஏறிவரும் தண்ணீருக்கு அதில் ஒரு காசு கிடைக்காது.

சரி, எப்போது எடுப்பது? இங்கேதான் உங்கள் ரீஃபைனான்ஸ் வருகிறது. இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சலுகையை உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

பொதுவாக, பாலிசி எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் அது உயிர்பெறும். மெக்சிகோ வளைகுடாவில் புயல் உருவாகிவிட்டது என்று டிவியில் சிவப்புக் கூம்பு போட்டுக் காட்டும்போது ஓடிப்போய் எடுத்தால் பிரீமியம் கட்டிய ரசீதுதான் மிஞ்சும். ஆனால் கடன் வாங்குவது, கூட்டுவது, நீட்டிப்பது, புதுப்பிப்பது தொடர்பாக முதன்முறையாக எடுக்கும் பாலிசிக்கு இந்த 30 நாள் கிடையாது. ரீஃபைனான்ஸும் அதில் அடக்கம். க்ளோசிங்குக்கு (கடன் தாள்களில் கையெழுத்துப் போட்டு முடிக்கும் நாள்) முன்போ, க்ளோசிங் அன்றோ விண்ணப்பமும் பிரீமியமும் போய்விட்டால், க்ளோசிங் நேரத்திலிருந்தே பாதுகாப்பு தொடங்கிவிடும். கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் கழித்து ‘அடடா, மறந்துட்டோம்’ என்று ஏஜென்டுக்குப் போன் செய்தால் மறுபடி காத்திருப்புதான். ஆகவே ஏஜென்டிடம் ‘இது கடன் தொடர்பான பாலிசி, க்ளோசிங் தேதி இது’ என்று எழுத்தில் சொல்லி, பாலிசித் தாள் வந்ததும் தொடங்கும் தேதியைச் சரிபாருங்கள். உங்கள் ஏஜென்டே ‘வங்கி கேட்கவில்லையே, அதனால் பொருந்தாது’ என்று குழப்பலாம். வங்கி கேட்டு எடுப்பதற்கு வேறொரு விதி இருக்கிறது, அதையும் இதையும் போட்டுக் கலக்குகிறார்கள். ஃபீமா கையேட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரீஃபைனான்ஸ் தள்ளிப்போகும் என்று தோன்றினால் அதற்காகக் காத்திருக்காதீர்கள், இன்றே எடுத்து 30 நாளைக் கழித்துவிடுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம்.

எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாத காலமும் உண்டு. 2025 அக்டோபரில் வாஷிங்டனில் அரசு முடங்கியபோது இந்தத் திட்டத்தின் அனுமதியும் காலாவதியாகி, சுமார் 6 வாரம் புதிய பாலிசியே விற்கமுடியவில்லை. அந்த அனுமதியைச் சில மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தம் மாதிரி நீட்டித்துக்கொண்டு, மக்களைப் பார்த்து ‘முன்கூட்டியே திட்டமிடுங்கள்’ என்று துண்டுப் பிரசுரம் அடிக்கிறார்கள்.

எச்சரிக்கை விஷயத்துக்கு வருகிறேன். கேட்டி என்ற தபால் முகவரி ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் பரந்து கிடக்கிறது. உங்கள் நண்பருக்கு வேறு செய்தி வருவதற்கு இதுவே காரணமாக இருக்கும். சொத்து வரி ரசீதில் எந்தக் கவுண்டி என்று இருக்கும். அந்தக் கவுண்டியின் எச்சரிக்கைச் சேவையில் வீட்டு முகவரியைப் பதியுங்கள். பதியாதவர்களுக்கு அது வராது. ஹாரிஸ் என்றால், வெள்ள எச்சரிக்கைத் தளத்தில் உங்களுக்கு அருகில் உள்ள ஓடையின் அளவுகோலைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் ஏறினால் செய்தி வரும்படி வைத்துக்கொள்ளலாம். பார்க்கர் நீர்மட்டமும் அங்கே இருக்கும். பொதுவான எச்சரிக்கையைவிட அந்த எண்தான் உங்களுக்கு உதவும்.

போனில் அலறிக்கொண்டு வரும் அவசர எச்சரிக்கையை, தூக்கம் கெடுகிறது என்று அணைத்து வைத்திருக்கிறீர்களா? திருப்பிப் போடுங்கள். 2025 ஜூலை 4 அதிகாலை கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு பொங்கியபோது, தேசிய வானிலைச் சேவையின் திடீர் வெள்ள எச்சரிக்கை 1:14 மணிக்கே வந்துவிட்டது. கவுண்டியின் சொந்தச் செய்தி சிலருக்கு மணிக்கணக்கில் தாமதமாகப் போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே ஒரு அமைப்பை நம்பி உட்காரக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மாமனார், மாமியாரிடம் இங்கத்திய எண் உள்ள போன் இருக்கட்டும், அந்த எண்ணையும் உங்கள் முகவரியில் பதியுங்கள். ஆங்கிலத்தில் வரும் செய்தி புரியாவிட்டால் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லிவையுங்கள். மழையில் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் காரை எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சாலையில் 2 அடி தண்ணீர் ஓடினால் பெரும்பாலான கார்கள் மிதந்துவிடும், சிறிய காருக்கு ஓரடியே போதும். பாஸ்போர்ட், விசா தாள்கள், மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு மாடியில் வையுங்கள். மாடி இல்லாத வீடு என்றால், தண்ணீர் ஏறும் முன்பே அவர்களைக் கூட்டிக்கொண்டு யார் வீட்டுக்குப் போவீர்கள் என்று இப்போதே பேசி வையுங்கள்.

கடைசியாக, கடன் அதிகாரியிடம் க்ளோசிங் தேதியை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்வார்கள், மாற்றுவார்கள். தேதி கையில் வந்ததும் காப்பீட்டு ஏஜென்டுக்கு அந்த மின்னஞ்சலையே அனுப்பிவிடுங்கள்.