இரண்டு பூட்டு, ஒரு முட்டுக்கட்டை

கேள்வி: என் ஜாவா நிரல் பிழை எதுவும் காட்டாமல் அப்படியே உறைந்து நிற்கிறது. டெட்லாக் என்கிறார்கள். அது எப்படி வருகிறது?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: பணப் பரிமாற்ற நிரல் ஒன்றில் இதே சிக்கலால் ஓர் இரவு முழுக்க விழித்திருக்கிறேன். ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் ஒரு வேலை), 101-ஆம் கணக்கிலிருந்து 202-க்கு அனுப்ப, வேறெதுவும் தொடாதபடி 101-ஐப் பூட்டியது. அதே நொடியில் இன்னொன்று, எதிர்த்திசையில் அனுப்ப 202-ஐப் பூட்டியது. அப்புறம் இரண்டுக்கும் மற்ற கணக்கின் பூட்டும் தேவைப்பட, அது விடட்டும் என்று இதுவும், இது விடட்டும் என்று அதுவும் காத்துக் கிடந்தன. சோதனையில் ஒருமுறைகூட இது தலைகாட்டவில்லை. 1971-இல் காஃப்மன் என்ற கணினி அறிஞரும் சகாக்களும் டெட்லாக் வர 4 நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒன்றை உடைத்தாலே போதும். பணம் எந்தத் திசையில் போனாலும் சிறிய எண் கணக்கையே முதலில் பூட்டும்படி மாற்றினேன், அந்த நான்கில் ஒன்றான வட்டக் காத்திருப்பு (ஒன்றுக்காக ஒன்று சுற்றிக் காத்து நிற்பது) உடைந்தது. சரி, நிரல் உறைந்திருக்கும்போதே ஜாவாவுடன் வரும் ஜேஸ்டாக் (jstack) கருவியை ஓட்டுங்கள். எந்த த்ரெட் எந்தப் பூட்டுக்காக நிற்கிறது என்று தெரிந்துவிடும்.