'டவுட்' கேட்கலாமா, கூடாதா?

கேள்வி: வெளிநாட்டுக் குழுவினரோடு பேசும்போது 'ஐ ஹாவ் எ டவுட்' என்று ஆரம்பித்தால் அவர்கள் முகம் மாறுகிறது. இதில் என்ன தவறு?

பதில்: இந்தியர்களுக்குள் பேசும்போது ஒரு தவறும் இல்லை. புரியாததைக் கேட்பதற்கு நாம் வகுப்பறையிலிருந்தே 'டவுட்' என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லைக் கேட்டால் 'நம்ப முடியவில்லை' என்ற பொருள்தான் முதலில் தோன்றும். நீங்கள் விளக்கம் கேட்கிறீர்கள். அவரோ, தான் சொன்னதையே நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், போதும்.

சரி, இது சின்ன விஷயம். உண்மையான ஆபத்து 'ஐ டவுட்' என்று வினையாக எழுதும்போதுதான். தமிழில் 'அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்' என்கிறோம். 'அவன் வருவானா என்பது சந்தேகம்தான்' என்றும் சொல்கிறோம். முதலாவதில் 'அவன்தான்' என்று மனம் சொல்கிறது. இரண்டாவதில் 'வரமாட்டான்' என்று சொல்கிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'சஸ்பெக்ட்', பின்னதற்கு 'டவுட்'.

கோப்பில் பிழை இருக்கும்போல என்று தோன்றி, 'ஐ டவுட் தேர் இஸ் அன் எரர்' என்று மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். படிப்பவருக்கு அது 'பிழை இருக்காது என்றே நினைக்கிறேன்' என்று போய்ச் சேரும். அவர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். நீங்கள் எச்சரித்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் அதிகம் வலியுறுத்துவது இந்த இடத்தைத்தான்.

எழுதுமுன் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'இருக்கும்போலத் தெரிகிறது' என்று வந்தால் 'சஸ்பெக்ட்'. 'இருக்காது' என்று வந்தால் 'டவுட்'. யாராவது ஒன்றைச் சொல்ல, நீங்கள் 'ஐ டவுட் இட்' என்றால், 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று அர்த்தம்.

'நோ டவுட்' வேறு வகை. 'அவர் திறமைசாலிதான், ஆனால்...' என்று ஒன்றை ஒப்புக்கொண்டு மறுப்புக்குப் போகும்போது அது பொருத்தமாக வரும். 'கிவ் ஹிம் த பெனிஃபிட் ஆஃப் த டவுட்' என்பதை, நிச்சயமாகத் தெரியாதவரை ஒருவரைக் குற்றம் சொல்லாமல் விடுவதற்குச் சொல்கிறார்கள். தமிழில் 'சந்தேகத்தின் பலன்' என்று நீதிமன்றச் செய்திகளில் படிப்பது இதைத்தான்.

அப்புறம், எழுத்தில் இருக்கும் 'பி'யை உச்சரிக்க வேண்டாம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லில் 'பி' கிடையாது. லத்தீன் மூலமான 'துபிதாரே'வை நினைவூட்டுவதற்காகப் பின்னாளில் படித்தவர்கள் எழுத்தில் மட்டும் அதைச் சேர்த்தார்கள்.