வாசனை இலைகள் கலந்த கிரீம் சீஸைப் பூசிச் சால்மன் மீனை ஓவனில் சுடும்போது, பூச்சு வழியாமலும் மீன் வறளாமலும் இருக்க என்ன செய்ய வேண்டும்?

முள் நீக்கிய சால்மன் துண்டுகளின் மேல் பூண்டும் வாசனை இலைகளும் சேர்த்த கிரீம் சீஸைப் பூசி ஓவனில் வைத்தால், பூச்சு தண்ணீர்விட்டு ஓரங்களில் வழிந்துவிடுகிறது என்றும், மேற்புறம் பொன்னிறமாகும்வரை காத்திருந்தால் அதற்குள் மீன் சக்கையாகிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த உணவை வீட்டில் விரும்பி அடிக்கடி செய்பவன் என்ற முறையில், இவ்விரண்டு குறைகளையும் தவிர்க்க முடியும் என்று உறுதியாகச் சொல்வேன். முதல் குறை ஈரத்தால் வருவது. இரண்டாவது, மீன் வெந்துவிட்டதா என்பதைப் பூச்சின் நிறத்தை வைத்துத் தீர்மானிப்பதால் வருவது. பூச்சு நிறம் மாறுவதற்கும் மீன் வேகுவதற்கும் வேறுவேறு வெப்பம் தேவை என்பதை ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தனித்தனியே கவனித்தால் மற்றவை எளிதாகும்.

மீனின் வகையை முதலில் பாருங்கள். நான் வசிக்கும் நார்வேயில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கடலில் கூண்டுகளில் வளர்க்கப்படும் அட்லாண்டிக் சால்மன். 1970இல் ஹித்ரா தீவில் க்ரோன்ட்வெட் சகோதரர்கள் மிதக்கும் கூண்டுகளில் சால்மன் வளர்த்து வெற்றி கண்டதிலிருந்து இந்தத் தொழில் பெருகியது. இன்று உலகில் வளர்க்கப்படும் அட்லாண்டிக் சால்மனில் ஏறத்தாழப் பாதி இந்நாட்டிலிருந்து வருகிறது. இந்த மீனில் கொழுப்பு மிகுதி என்பதால் ஓவன் சூட்டில் ஓரிரு நிமிடம் கூடிவிட்டாலும் தாங்கிக்கொள்ளும். அலாஸ்காவிலிருந்து வரும் சாக்கை போன்ற, கூண்டில் வளர்க்கப்படாத காட்டு சால்மன் வகைகளில் கொழுப்பு குறைவு, துண்டும் மெல்லியது. அவை மூன்று நான்கு நிமிடம் முன்னதாகவே வெந்துவிடும். இந்தியாவில் 'இந்தியன் சால்மன்' என்ற பெயரில் விற்கப்படுவது நம் காலா மீன். அது சால்மன் இனத்தைச் சேர்ந்ததன்று, சதையும் வெண்மையானது. ஆயினும் இந்தப் பூச்சு அதற்கும் நன்றாகப் பொருந்தும், நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு பேருக்கு, தலைக்கு 150 முதல் 170 கிராம் வரை எடையுள்ள, நடுப்பகுதியிலிருந்து வெட்டிய துண்டுகளை வாங்குங்கள். வால் பகுதியின் துண்டு கிடைத்தால் மெல்லிய முனையை அடியில் மடித்துவிடுங்கள். சதையின் மேல் விரலை ஓட்டினால் தட்டுப்படும் மெல்லிய முட்களை இடுக்கியால், அவை சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்து எடுத்துவிட வேண்டும். தோலை நீக்க வேண்டியதில்லை, அடிச்சூடு சதையை நேரடியாகத் தாக்காமல் அது காக்கும். பிறகு சிறிது உப்பைத் தூவிக் குளிர்பெட்டியில் கால் மணி நேரம் வைத்து, மேலே கசியும் ஈரத்தைச் சமையலறைத் தாளால் ஒற்றி எடுங்கள். இதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இதனால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. ஈரமான மீனின் மேல் சீஸ் ஒட்டாது, அடியில் தேங்கும் நீரோடு சேர்ந்து வழுக்கிவிடும். ஒற்றிய மீனில் அது நன்றாகப் பற்றிக்கொள்ளும். மேலும், சால்மன் வேகும்போது வெள்ளையாகத் திரண்டு வெளிவரும் அல்புமின் என்னும் புரதம் உப்பு ஊறிய மீனில் குறைவாகவே வெளிவரும்.

இனிப் பூச்சுக்கு வருவோம். முழுக் கொழுப்புள்ள கிரீம் சீஸ் 150 கிராம் போதும். கொழுப்பு குறைத்த வகையை எடுத்தால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தண்ணீர் பிரியும், உங்கள் பூச்சு வழிந்ததற்கு இதுவே முதன்மையான காரணமாக இருக்கலாம். அமெரிக்க உணவு விதிகளின்படி கிரீம் சீஸ் என்ற பெயரில் விற்க அதில் குறைந்தது 33 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த அளவுகளை நினைவில் வைத்துக்கொண்டு எந்த நாட்டு டப்பாவின் முகப்பையும் படித்துப் பார்க்கலாம். புளிப்பேற்றி உறையவைத்த சீஸ் என்பதால் அது மொசரெல்லா போல நூலாக இழுபடுவதில்லை, சூட்டில் மெல்ல இளகி அதே இடத்தில் நிற்கும். மொசரெல்லாவோ செடாரோ சேர்த்தால் எண்ணெய் பிரிந்து, ஆறியதும் தோல்போல இறுகிவிடும் என்பதால் இந்த மீனுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1957இல் நார்மண்டியில் பிரான்சுவா பூர்சின் உருவாக்கிய பூர்சின் சீஸில் பூண்டும் இலைகளும் கலந்த வகையைப் பயன்படுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அதில் உப்பு ஏற்கெனவே தூக்கலாக இருப்பதால், மீனுக்குத் தூவும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிரீம் சீஸ் கிடைக்காத ஊரில், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுவதும் நீர் வடித்து, அதில் ஒரு முட்டை மஞ்சள் கருவும் ஒரு தேக்கரண்டி சோள மாவும் கலந்துகொண்டால் சூட்டில் திரிந்துபோகாது. சுவையில் அது சற்றுப் புளிப்பாக இருக்கும், கொழுப்பான மீனுக்கு அந்தப் புளிப்பு நல்லதே.

சீஸ் அறைச் சூட்டுக்கு வந்து இளகியபின், பொடியாக அரிந்த சதகுப்பைக் கீரை (dill) இரண்டு மேசைக்கரண்டி, பார்ஸ்லியும் வெங்காயத்தாள் போன்ற சைவ்ஸும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி டிஜான் கடுகு விழுது, அரை எலுமிச்சையின் தோல் துருவல், புதிதாகப் பொடித்த மிளகு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள். சதகுப்பையையும் கடுகையும் நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வடக்கு ஐரோப்பாவில் உப்பு, சர்க்கரை, சதகுப்பை ஆகியவற்றில் சால்மனை ஊறவைத்துச் செய்யும் கிராவ்லாக்ஸைக் கடுகுச் சாற்றோடுதான் பரிமாறுவார்கள். அந்தப் பழைய இணை ஓவன் சூட்டிலும் சற்றும் குறையாமல் ருசிக்கிறது. பெங்களூர்ச் சந்தைகளில் சதகுப்பைக் கீரை தாராளமாகக் கிடைக்கும். கிடைக்காதவர்கள் உலர்ந்த இலையை மூன்றில் ஒரு பங்கு அளவில் சேர்க்கலாம். இலைகளைக் கழுவியபின் முழுவதும் உலர்த்தியே அரிய வேண்டும், இல்லாவிட்டால் வடித்த நீர் மீண்டும் பூச்சுக்குள் புகுந்துவிடும். பூண்டு ஒரு சிறு பல் போதும். ஓவனில் இருக்கும் குறுகிய நேரத்தில் பச்சைப் பூண்டின் காரம் அடங்காது என்பதால் அதை வெண்ணெயில் மெல்ல வதக்கிச் சேர்ப்பதே முறை. எலுமிச்சைச் சாற்றைப் பூச்சில் ஊற்றாதீர்கள், அதை மேசையில் பிழிந்துகொள்ளலாம்.

பூச்சின் கனம் அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. அளவான பூச்சு மீனுக்குப் போர்வையாக இருந்து, ஓவனின் உலர்ந்த காற்று சதையைத் தொடாமல் காக்கிறது. கனமான பூச்சு நடுவில் குளிர்ந்தே இருந்து மீன் வேகுவதைத் தாமதப்படுத்துவதோடு, தன் எடையாலேயே ஓரங்களில் சரியும். ஓரங்களில் ஒரு விரற்கடையைவிடக் குறைவாக இடம் விட்டுப் பூசுங்கள்.

ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு நன்றாகச் சூடேற்றிக்கொள்ளுங்கள். காற்று சுழலும் வகை என்றால் 180 போதும். ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் நெருக்கி அடுக்கினால் நீராவி வெளியேற வழியின்றித் தேங்கும். எனவே பேக்கிங் தாள் விரித்த தட்டையான தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள். இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்குப் பதினான்கு நிமிடங்கள் அளவில் பிடிக்கும். ஆனால் கடிகாரத்தைவிட, உணவில் செருகிப் பார்க்கும் தெர்மாமீட்டரையே நம்புங்கள். பதினோராவது நிமிடத்திலேயே அதைப் பூச்சின் வழியாக அல்லாமல் பக்கவாட்டிலிருந்து சதையின் நடுவுக்குச் செருகிப் பாருங்கள். 50 டிகிரியைத் தாண்டும்போது சதையின் அடுக்குகளைப் பிணைத்திருக்கும் மெல்லிய இழைமம் இளகி, கரண்டி பட்டதும் மீன் இதழ் இதழாகப் பிரியும். 60ஐத் தாண்டியபின் புரதங்கள் இறுகித் தம்முள் இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும், நீங்கள் சொல்லும் சக்கை அப்போதுதான் உண்டாகிறது. நான் வளர்ப்பு சால்மனை 52 டிகிரியில் எடுத்துவிடுவேன். வெளியே வைத்த ஐந்து நிமிடத்தில் அது இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறும்.

எனினும் இந்த அளவு எல்லோருக்கும் உரியதன்று. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் மீனுக்குச் சொல்லும் உள்வெப்பம் 63 டிகிரி. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சமைக்கும்போது அதையே கடைப்பிடியுங்கள். உறையவைக்கப்படாத காட்டு சால்மனில் அனிசாகிஸ் என்னும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும் என்பதால் அதற்கும் 63 டிகிரியே சரி. அவ்வளவு வெந்த மீனிலும் இந்தப் பூச்சு இருந்தால் ஈரப்பசையும் கொழுப்பும் நாவில் குறையாமல் தெரியும், என் வீட்டில் முதியவர்கள் இதை விரும்பி உண்பதற்கு அதுவே காரணம்.

மேற்புறம் பொன்னிறமாவதற்கு வழி இதுதான். இரண்டு மேசைக்கரண்டி ரொட்டித்தூளை ஒரு தேக்கரண்டி உருகிய வெண்ணெயில் பிசறிப் பூச்சின் மேல் முதலிலேயே தூவிவிடுங்கள். மீனின் நடுச்சூடு 46 டிகிரியை எட்டியதும் ஓவனின் மேல் கிரில்லை முழு வேகத்தில் ஏற்றி, தட்டை அதற்கு ஒரு சாண் கீழே வைத்து, இரண்டு நிமிடம் அருகிலேயே நின்று கவனியுங்கள். 63 டிகிரி வரை வேகவேண்டிய மீனுக்கு இதை 57 டிகிரியில் தொடங்கலாம். வெண்ணெய் பூசிய தூள் சட்டென்று சிவந்துவிடும், அதற்குள் அடியிலுள்ள சதை அதிகமாகச் சூடேறாது.

உடன் பரிமாற, அவித்த சிறு உருளைக்கிழங்கும், மெல்லிய வில்லைகளாக அரிந்து வினிகர், சிறிது சர்க்கரை, உப்பு ஆகியவற்றில் அரை மணி நேரம் ஊறிய வெள்ளரிக்காயும் சிறந்தவை. நார்வே வீடுகளில் சால்மனுக்கு வழக்கமாக வைப்பவை இவையே. மிஞ்சிய துண்டுகளை மறுபடி சூடாக்கினால் மீன் வறண்டுவிடும். ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் உதிர்த்து, அதே பூச்சோடு கலந்து ரொட்டியின் மேல் தடவிக் குளிர்ச்சியாகவே உண்ணலாம்.