டென்வரின் முதல் செய்தித்தாள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுக் குடியேற்ற ஊர்களின் முதல் பத்திரிகைகளைப் பற்றி எழுதியபோது, அமெரிக்காவின் டென்வரில் இரண்டு பேர் ஒரே இரவில் போட்டிபோட்டு அச்சடித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியன். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆசை. வீடு வாசல்கூடச் சரியாக அமையாத இடத்தில் ஒருவர் பத்திரிகை தொடங்குகிறார் என்றால் எவ்வளவு பெரிய காரியம்! கருத்துச் சுதந்திரம் ஒரு ஊரில் பிறந்த தருணம் என்று இதைச் சொல்லலாமா? கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

எஸ்., நாமக்கல் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். வில்லியம் பையர்ஸ் ஒமாஹாவில் நில அளவையாளராக இருந்தவர். 1859 வசந்தத்தில் கை அச்சு இயந்திரம், ஈய எழுத்துகள், காகிதம் எல்லாவற்றையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு செர்ரி க்ரீக் என்ற ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தார். ஓடைக்கு ஒரு கரையில் அவுரேரியா, மறுகரையில் டென்வர் சிட்டி. இரண்டு ஊருக்கும் ஒரு வயதுகூட ஆகவில்லை. ஜான் மெரிக் என்பவர் இன்னொரு இயந்திரத்தோடு முன்பே அங்கே வந்திருந்தார். பையர்ஸ் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அவரும் அவசரமாக எழுத்துக் கோக்கத் தொடங்கினார்.

ஏப்ரல் 22 இரவு. பையர்ஸின் அச்சகம் அவுரேரியாவில் ஒரு கடைக்கு மேலே இருந்த பரண். வெளியே பனி கொட்டுகிறது, கூரை ஒழுகுகிறது. ஏப்ரல் 23 தேதியிட்ட ‘ராக்கி மவுண்டன் நியூஸ்’ முதல் இதழ், மெரிக்கின் ‘செர்ரி க்ரீக் பயனியர்’ வருவதற்குச் சுமார் இருபது நிமிடம் முன்னால் வெளியே வந்தது. பயனியர் அந்த ஒரே இதழோடு நின்றது. மெரிக் தன் இயந்திரத்தைப் போட்டியாளரிடமே விற்றுவிட்டுத் தங்கம் தேடப் புறப்பட்டார்.

என் பெரியப்பா, காலால் மிதித்து இயக்கும் டிரெடில் இயந்திரத்தோடு சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒழுகும் கூரைக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில், மரத்துப்போன விரல்களால் கோத்திருப்பார்கள். அந்த உழைப்பை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் குறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் இன்னொரு கேள்வியையும் அவர்களிடம் கேளுங்கள். அந்தப் பத்திரிகை யாருக்காக அச்சடிக்கப்பட்டது? அன்றைய அவுரேரியாவில் நடந்த எதையும் ஒருவர் நின்று சத்தம் போட்டுச் சொன்னால் ஊருக்கே கேட்டிருக்கும். பையர்ஸ் கிழக்கே இருந்தவர்களிடமும் பேசவேண்டியிருந்தது. இங்கே ஊர் இருக்கிறது, தங்கம் இருக்கிறது, வாருங்கள் என்று. அந்தக் கோடையில் தங்கம் வெறும் புரளி என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் பாதி வழியிலேயே திரும்பினார்கள். தங்கம் தேடி வருவோருக்கு வழிகாட்டி நூல் எழுதியவர்கள்மேல் அவர்களுக்கு அவ்வளவு கோபம். பையர்ஸும் அப்படி ஒரு நூல் எழுதியவர்தான். ஜூனில் நியூயார்க்கின் புகழ்பெற்ற பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலி சுரங்கங்களை நேரில் பார்த்து, தங்கம் உண்மைதான் என்று வேறு இரு நிருபர்களோடு சேர்ந்து அறிக்கை எழுதினார். நியூஸ் அதைச் சிறப்பிதழாகப் பழுப்புநிறப் பொட்டலக் காகிதத்தில் அச்சிட்டது. ஊர் நிலைத்தால்தான் பத்திரிகை நிலைக்கும் என்ற நிலை அது.

பையர்ஸ் கோழையல்ல. 1860-இல் ஊர் ரவுடிகளைக் கண்டித்து எழுதியதற்காக அவர்கள் அவரைத் துப்பாக்கி முனையில் இழுத்துப்போனார்கள். தப்பி வந்தவர் எழுத்தை நிறுத்தவில்லை. உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி அந்த நிலத்தைப் பற்றியது. அமெரிக்க அரசு செய்துகொண்ட 1851 லாரமி கோட்டை ஒப்பந்தப்படி அது ஷையன், அரபாஹோ பழங்குடி மக்களின் நிலம். பத்திரிகைக்குச் சொந்தக் கட்டடம் எழுப்பியபோது, இரண்டு கரையில் எதையும் பகைக்காமல் நடுவே, ஓடைப்படுகையிலேயே எழுப்பினார்கள். அந்த ஓடை பெருக்கெடுக்கும் என்று அரபாஹோ மக்கள் குடியேறிகளை எச்சரித்திருந்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. 1864 மே மாத வெள்ளம் கட்டடத்தையும் இயந்திரத்தையும் அடித்துக்கொண்டு போனது. பையர்ஸ் இன்னொரு பத்திரிகையை வாங்கி, அதன் இயந்திரத்தில் மீண்டும் அச்சடித்தார்.

மறுபடி எழுந்த அந்தப் பத்திரிகையில்தான் ஆகஸ்டில் கொலராடோ பிரதேச ஆளுநர் ஜான் எவன்ஸின் அறிவிப்பு வந்தது. பகைமை காட்டும் பழங்குடியினரைக் குடிமக்களே தேடிக் கொல்லலாம் என்றது அது. நவம்பர் 29 அன்று கர்னல் சிவிங்டனின் படை, சாண்ட் க்ரீக்கில் அமெரிக்கக் கொடியேற்றித் தங்கியிருந்த ஷையன், அரபாஹோ முகாமில் புகுந்து சுமார் 230 பேரைக் கொன்றது. பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நியூஸ் அதை வீரச்செயல் என்று கொண்டாடியது. நாடாளுமன்ற விசாரணை கண்டித்த பிறகும் பையர்ஸ் அதை நியாயப்படுத்தினார், 1880-இலும்கூட.

இதில் எனக்கு எந்தச் சமாதானமும் சொல்லத் தெரியவில்லை. ரவுடிகளுக்கு அஞ்சாத பேனா, தன் வாசகர்களுக்குப் பிடிக்காத உண்மையை எழுதவில்லை. அந்த உண்மை பத்திரிகைக்கு வெளியேதான் எழுதப்பட்டது. சிவிங்டனின் படையிலேயே இருந்து, தங்கள் வீரர்களைச் சுடவிடாமல் தடுத்த கேப்டன் சைலஸ் சூல், லெப்டினன்ட் ஜோசஃப் கிரேமர் இருவரும் டிசம்பரில் தங்கள் பழைய மேலதிகாரி மேஜர் விங்கூப்புக்குக் கடிதம் எழுதி, கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். டென்வரில் நடந்த இராணுவ விசாரணையில் சூல் சாட்சியும் சொன்னார். டென்வர் தெருவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் 1865 ஏப்ரல் 23. நியூஸின் முதல் இதழுக்கு அன்றோடு சரியாக ஆறு வயது.

ஆகவே அந்த இருபது நிமிடத்தோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் மீதியையும் தாங்க முடியும். சூலின் கடிதத்தை யாராவது ஒரு மாணவி உரக்கப் படிக்கட்டும். அந்தக் கடிதங்கள் 2000-ஆம் ஆண்டில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அந்தச் செப்டம்பரில் அவற்றை அச்சிட்டது ராக்கி மவுண்டன் நியூஸ். பிறகு ஒன்பது ஆண்டுகூட அது நிலைக்கவில்லை. 2009 பிப்ரவரி 27 அன்று, 150 வயது நிறைய இன்னும் 55 நாள் இருக்கும்போது, கடைசி இதழ் வந்தது.