டிபன் பாக்ஸ் கொடுத்தாயிற்று, அப்புறம்?

கேள்வி: எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தனியாக ஒரு போட்டி வைத்து, கலந்துகொண்ட எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கொடுத்தோம். அப்படியும் ஒரு மாணவனின் தாயார், ‘மற்ற நாளில் என் மகனை ஏன் விளையாட விடுவதில்லை?’ என்று சண்டைக்கு வருகிறார். எல்லோரோடும் விட்டால் அடிபடாதா?
- பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர், தேவகோட்டை

பதில்: அந்தத் தாயார் கேட்டது நியாயம். விழா வருஷத்தில் ஒரு நாள், பி.டி. பீரியட் வாரா வாரம் வருகிறது. அந்த நேரத்தில் அவர் மகன் எங்கே இருக்கிறான் என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வேப்பமரத்தடியில் மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருப்பான். கொஞ்சம் மரியாதையான பள்ளி என்றால் ஸ்கோர் எழுத விடுவார்கள்.

அடிபடும் என்கிறீர்கள். தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய், மாட்டின் மேல் பாயும் பையன்களுக்குக் கைதட்டுகிற ஊர்க்காரர்கள் நாம். அங்கே வராத பயம் ஒரு பந்தைக் கண்டதும் வருகிறதாக்கும்! விளையாடுகிற பிள்ளைக்கு முட்டி பெயரத்தான் செய்யும். டாக்டர் கூடாது என்று சொன்னது ஏதாவது உண்டா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் சக்கரம் ஏறி வலது கால் சிதைந்தது. அவரை உயரம் தாண்ட வைத்தவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில் ஊனமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகளில், 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் எல்லாம் அதற்கப்புறம். உடனே, ‘எல்லாப் பிள்ளையும் மாரியப்பன் ஆகிவிடுமா?’ என்பீர்கள். ஆக வேண்டாமே. உங்கள் பள்ளியில் கிரிக்கெட் ஆடுகிறவர்களில் எத்தனை பேர் தோனி ஆனார்கள்? அவர்களிடமிருந்து மட்டையைப் பிடுங்கிவிட்டீர்களா?

பையனை மாற்ற முடியாது, ஆட்டத்தின் விதியை மாற்றலாம். உட்கார்ந்து ஆடும் வாலிபால் பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஆடுகளம் 10-க்கு 6 மீட்டர், வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர் உயரம். பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. வகுப்பு மொத்தத்தையும் உட்கார வைத்து ஆடவிடுங்கள். காலால் நடக்க முடியாத பையன் கையால் நகர்ந்து பழகியவன், மற்றவர்களுக்கு அவன் சொல்லிக்கொடுப்பான். உங்கள் பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த வழுவழு கூடங்களுக்கா பஞ்சம்?

கண் தெரியாத பிள்ளை இருந்தால் கோல்பால், அதாவது பந்தைத் தரையோடு உருட்டி எதிர்ப்பக்கத்துக் கோலுக்குள் விடுகிற ஆட்டம். பந்துக்குள் மணி இருக்கும். பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோர் கண்ணையும் கட்டிவிடுவார்கள். கோட்டின் மேல் கயிறு வைத்து டேப் ஒட்டுவதால், எங்கே நிற்கிறோம் என்று கையாலும் காலாலும் தடவித் தெரிந்துகொள்ளலாம். பார்க்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் நம் ஊரில் சிரமம். சக்கர நாற்காலி டென்னிஸில் நாற்காலியில் இருப்பவருக்குப் பந்து இரண்டு முறை தரையில் குதிக்கலாம், எதிரே நின்று ஆடுபவருக்கு ஒரு முறைதான். ஒரே ஆட்டம், ஒரே வலை.

இதெல்லாம் உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமும் அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளில் விளையாட்டு வாய்ப்பும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான்.

படியையும் கவனியுங்கள். வீட்டையே மேடை கட்டி உயர்த்திப் பழகிய செட்டிநாட்டுச் சீமை இது. நாலு படி இறங்காமல் மைதானத்துக்குப் போக முடியாதென்றால் சாய்தளம் போடுங்கள்: ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் திறப்பு விழா போட்டோவுக்குத்தான் ஆகும்.

உங்கள் பி.டி. சாருக்கு இதெல்லாம் புதிது என்றால், காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. உடற்கல்வி படிக்கிறவர்கள் பள்ளிகளில் பயிற்சி வகுப்பு எடுத்தாக வேண்டும். ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள். யாராவது வந்தால், கிரிக்கெட் டீமுக்குக் கோச்சிங் கொடுக்கச் சொல்லி அந்தப் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.